குச்சவெளி மட்டும் மிதிப்பதென்றால்

கூட்டமாகச் சைக்கிளில் தூரம் போவதென்றால் எங்கள் காலத்துத் திருகோணமலைப் பெடியளின் வாயில் முதலில் வருவது குச்சவெளி. போக ஏறக்குறைய 34 கிலோமீற்றர், வர அதே அளவு. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் கிடப்பவை; அதை யாரும் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சைக்கிள் 28 அங்குல றலி, இல்லாவிட்டால் லுமாலா. செயின் ஓடும் பற்சில்லில் முன்னுக்கு 44 பல்லும் பின்னுக்கு 18 பல்லும் இருந்தால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்தரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். கியர் கிடையாது. ஆகவே சீற்றின் உயரம்தான் காலைக் காப்பாற்றும்: பெடல் அடியில் நிற்கையில் குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். கால் ஊன்ற வசதியென்று சீற்றைப் பதித்தவர்களுக்கு நிலாவெளி தாண்டமுன்னரே முழங்கால் நோகும்.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுவது வெயிலுக்காக மட்டுமல்ல, கச்சான் காற்றுக்காகவும்தான். ஆனி, ஆடியில் அது தரைப்பக்கமிருந்து வீசும். வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும். போகும்போது இடது தோளில் அடிக்கும். காற்றுக்கு மறைவான இடம் முன்னால் போகிறவரின் வலப் பின்புறம், அதாவது நடு றோட்டு. பஸ் வரும் பக்கம் அது. அங்கே ஒதுங்கக் கூடாது, ஒற்றை வரிசைதான். திரும்பும்போது காற்று வலது தோளுக்கு மாறும், மறைவு றோட்டோரமாக அமையும். அப்போது இரண்டு மூன்று பேராகச் சாய்வரிசை கட்டலாம். ஓரத்து மணலில் சில்லு இறங்காமல் பார்த்தால் போதும். கச்சானில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் இழப்பது தெரியாது. மணித்தியாலத்துக்கு அரை லீற்றராவது, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீராகக் குடிக்க வேண்டும்.

முதல் தரிப்பு உப்புவெளி யுத்த மயானத்தடி. களைப்பாற அல்ல, நட்டு இறுக்க. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை “டக்” என்று கேட்டால், பெடல் தண்டான கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு, அதாவது கொட்டர் பின், தளர்ந்திருக்கிறது. கிராங்கின் அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து மேலிருந்து தட்ட வேண்டும். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுவதும் அச்சுக்குள்ளே இருக்கும் போல்ஸில், அந்தச் சிறு இரும்புக் குண்டுகளில், இறங்கும்.

காற்றடிக்கும் பம்மும் நட்டுச் சாவியும் கடைசியாக வருகிறவரிடம். காற்றுப் போனவர் எப்படியும் பின்னுக்குத்தான் விழுவார். முன்னால் பறக்கிறவரிடம் பம்மைக் கொடுத்துவிடும் கூட்டங்களும் உண்டு. கூப்பிட்டுத் தொண்டை வறள்வதுதான் மிச்சம்.

காற்றுப் போனதும் ரியூப்பைக் கழற்றக் கூடாது. முதலில் வால்வில் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் பஞ்சர் இல்லை, வால்வு றப்பர் வெக்கையில் இளகிப் பிளந்திருக்கிறது. இரண்டங்குலத் துண்டொன்று சட்டைப் பையில் கிடந்தால் ஒரு நிமிட வேலை. குமிழி வராவிட்டால் அநேகமாக நெருஞ்சி முள். ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி ரியூப்பை இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, அரத்தாளால் தேய்த்து, சொலுசன் பசையை மெல்லியதாகப் பூச வேண்டும். விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே றப்பர் ஒட்டை அமர்த்துவது. ஈரத்தோடு அமர்த்திய ஒட்டு, தார் றோட்டின் சூட்டில் இறக்கக்கண்டிப் பாலம் வரமுன்னரே கிளம்பிவிடும். ரயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காதவர்கள் இரண்டாம் முறையும் இறங்குவார்கள்.

வீடு வந்ததும் செயினை மண்ணெண்ணெயில் கழுவி மெஷின் எண்ணெய் விடுவது வழக்கம். கடற்காற்றின் உப்போடு விட்டால் சில நாளிலேயே துரு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டுமென்று அதை விட்டவர்களின் செயின் பிசினாகி, மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.