ஆஃப்சைடு: பாஸ் கிளம்பும் நொடியில் எண்ணுங்கள்

2022 கால்பந்து உலகக்கோப்பையின் முதல் ஆட்டம். கத்தாருக்கு எதிராக மூன்றாவது நிமிடத்திலேயே எக்வடோரின் என்னர் வலென்சியா தலையால் முட்டி கோல் போட்டார். கொஞ்ச நேரத்தில் கோல் ரத்து: ஆஃப்சைடாம், அதாவது எக்வடோர் வீரர் ஒருவர் விதி அனுமதிப்பதைவிட எதிரணியின் கோலுக்கு அருகில் இருந்தாராம். பார்த்தவர்கள் பலர் குழம்பிப் போனார்கள். கோல் பக்கமாகக் கத்தார் வீரர் ஒருவர் இருந்தாரே, பிறகெப்படி ஆஃப்சைடு?

இருந்தார், ஆனால் ஒருவர்தான் இருந்தார். கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க முன்னேறி வந்துவிட்டார். பந்து எக்வடோரின் எஸ்ட்ராடாவை நோக்கித் திரும்பிய நொடியில், அவருடைய கால் கடைசிக்கு முந்தைய கத்தார் வீரரைத் தாண்டியிருந்தது. 'கோல்கீப்பரும் இன்னொருவரும்' என்று விதியை மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். கோல்கீப்பர் என்ற பேச்சே கணக்கில் இல்லை. எதிரணியில் கோல் கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு பேர், அவர்கள் யாராக இருந்தாலும் சரி. அந்த இருவரில் கோல் கோட்டிலிருந்து தள்ளி நிற்பவரே உங்கள் எல்லைக்கோடு.

ஒருவர் ஆஃப்சைடு நிலையில் இருக்க மூன்றும் சேர வேண்டும்: எதிரணியின் பாதியில் இருக்க வேண்டும், பந்தைவிட முன்னால் இருக்க வேண்டும், அந்தக் கடைசிக்கு முந்தையவரைவிடவும் முன்னால் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. நடுக்கோட்டின் மேல் நிற்பது சொந்தப் பாதியில் நிற்பதாகவே கணக்கு. சமமாக நின்றாலும் தப்பில்லை. 1990 வரை அதுவும் ஆஃப்சைடாக இருந்தது. தலை, உடல், கால் மட்டும் அளவுக்கு வரும். கையும் புஜமும் வராது, கோல்கீப்பருக்கும் அப்படியே. அக்குளின் அடிப்பகுதிக்கு நேரே கை தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எப்போது பார்ப்பது? சக வீரர் பந்தைத் தொட்ட நொடியில். பந்து வந்து சேரும்போது அல்ல. தாக்குபவர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓட, தடுப்பு வரிசை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் முன்னேறுகிறது என்று வையுங்கள். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருவருக்கும் இடையே 1 மீட்டர் மாறிவிடும். 2022இல் பந்துக்குள்ளேயே சென்சார் வைத்து நொடிக்கு 500 முறை தகவல் எடுத்தது உதை விழுந்த அந்தத் தருணத்தைப் பிடிக்கத்தான். 'பந்து வாங்கும்போது அவர் தனியாக நின்றார்' என்பது எதையும் நிரூபிக்காது; நல்ல ஓட்டக்காரர் அப்படித் தனியாகத்தான் நிற்பார்.

பாஸ் எந்தத் திசையில் போகிறது என்பதும் பொருட்டல்ல. பந்துக்கு முன்னால் ஆஃப்சைடு நிலையில் நின்றவர், பின்னோக்கி வந்த பாஸை இறங்கி வந்து வாங்கினாலும் குற்றமே. தன் பாதிக்குள் வந்து வாங்கினாலும் விடாது: அவர் பந்தைத் தொட்ட இடத்திலேயே எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேராகக் கோல் போட முடியாத உதை).

ஆனால் அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமில்லை. பந்தைத் தொட வேண்டும். அல்லது கோல்கீப்பரின் பார்வையை மறைப்பது, பந்துக்காக எதிராளியுடன் மோதுவது போல இடைஞ்சல் செய்ய வேண்டும். அல்லது கம்பத்திலோ எதிராளி மீதோ பட்டுத் திரும்பிய பந்தில் ஆதாயம் அடைய வேண்டும். கோல் கிக், த்ரோ இன், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. நேரடி ஃப்ரீ கிக்குக்கு உண்டு. பலர் மறப்பது இதைத்தான்.

உண்மையிலேயே சிக்கலான இடம், தடுப்பவர் பந்தைத் தொடும்போது. 2021இல், ஐரோப்பிய நாடுகள் மோதும் நேஷன்ஸ் லீக் இறுதியில் பிரான்ஸின் எம்பாப்பே ஆஃப்சைடு நிலையில் இருந்தார். அவருக்கு வந்த பாஸை ஸ்பெயினின் எரிக் கார்சியா சறுக்கிப் போய்த் தொட்டார். 'வேண்டுமென்றே ஆடினார், ஆகவே ஆஃப்சைடு நீங்கியது' என்று கோல் கொடுக்கப்பட்டது. பிரான்ஸ் 2-1 என வென்றது. தடுக்க முயன்றதற்கே தண்டனை கிடைத்தது போலிருந்தது, எனக்கு இன்றும் அது நியாயமாகப் படவில்லை. 2022இல் விளக்கத்தைத் திருத்தினார்கள்: தடுப்பவருக்குப் பந்து தெளிவாகத் தெரிந்ததா, வேகம் குறைவாக இருந்ததா, உடலைச் சரிசெய்ய நேரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். எட்டிப் பாய்ந்து நுனிக்காலில் பட்டால் இப்போது அது வெறும் உரசல், ஆஃப்சைடு நீங்காது. கோலுக்குப் போகும் பந்தைத் தடுத்து விழுந்தாலும் நீங்காது.

தடுப்பவர் மைதானத்துக்கு வெளியே கிடந்தால்? 2008 யூரோவில் இத்தாலியின் பனுச்சி கோல் கோட்டுக்கு வெளியே விழுந்து கிடந்தார். நெதர்லாந்தின் வான் நிஸ்டல்ரோய் போட்ட கோல் நின்றது. வெளியே கிடப்பவரைக் கோல் கோட்டின் மேலேயே இருப்பதாக எண்ணுவார்கள். இல்லாவிட்டால் தடுப்பவர்கள் எல்லோரும் கோட்டைத் தாண்டிக் குதித்து ஆஃப்சைடு கேட்கலாமே.

உள்ளூர் ஆட்டங்களில் கொடி பிடிக்கும் துணை நடுவர்கள் செய்யும் பெரிய பிழை, நிற்கும் இடம். கடைசிக்கு முந்தையவருக்கு நேராக நிற்க வேண்டும். பந்து அவரைத் தாண்டிவிட்டால் பந்துக்கு நேராக. நீங்கள் கோல் பக்கமாக ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே, தூரத்து ஓரத்தில் சமமாக நிற்கும் தாக்குபவர் முன்னால் நிற்பதாகத் தோன்றும். பின்தங்கி நின்றால், தூரத்தில் தாண்டி நிற்பவரைக்கூடச் சரியென்று விட்டுவிடுவீர்கள். முகம் மைதானத்தைப் பார்த்தபடி பக்கவாட்டு அடிவைத்து நகருங்கள். பாஸ் கிளம்பியதும் உடனே கொடியைத் தூக்காதீர்கள், அந்த வீரர் பந்துக்குப் போகிறாரா என்று பாருங்கள். தூக்கியபின் நடுவர் விசில் அடித்ததும் இடத்தைக் காட்ட வேண்டும்: குற்றம் தூரத்து ஓரத்தில் என்றால் கொடி மேல்நோக்கிச் சாய்வாக, நடுவில் என்றால் நேராக, உங்கள் பக்கம் என்றால் கீழ்நோக்கி.