அடுத்த விண்வெளித் திட்டத்துக்கு முன் எங்களையும் கேளுங்கள்

2022 மே மாதம் நாசா ஒரு நல்ல காரியம் செய்தது. நிலவிலும் செவ்வாயிலும் மனிதர் கால் வைக்கும் நெடுங்காலத் திட்டத்துக்கு 50 இலக்குகளை வரைவாக எழுதி, குறை நிறைகளைச் சொல்லுமாறு பொதுமக்களைக் கேட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. செப்டம்பரில் இறுதிப் பட்டியல் வந்தபோது இலக்குகள் 63 ஆகியிருந்தன. கேட்டதைக் கோப்பில் கட்டிப் போடாமல் பட்டியலையே திருத்தினார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. அதற்கும் முன்னால், 2016 செப்டம்பர் 10 அன்று, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 22 நாடுகளில் ஒரே நாளில் சாதாரணக் குடிமக்களைக் கூட்டி உட்காரவைத்து விண்வெளி பற்றிப் பேசச் சொன்னது.

இங்கே மலேசியாவில் நிலைமை வேறு. 2007இல் நம் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் புறப்பட்ட பயணம், ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்தது. விண்வெளி வீரராக விண்ணப்பித்தவர்கள் பதினோராயிரத்துக்கும் மேல். இறுதி நால்வரில் ஒரே பெண் எஸ். வனஜா. அவர் படத்தை நாளிதழிலிருந்து வெட்டி எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் அம்மா ஒட்டி வைத்திருந்தார். இவ்வளவு ஆசையோடு இருந்த மக்களிடம், மேலே போய் என்ன செய்யலாம் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கோலாலம்பூர், செந்தூலில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அறிவியல் வகுப்பு நடத்துகிறேன். விண்வெளியில் நம் நாடு என்ன செய்ய வேண்டும் என்று மணிலா அட்டையில் எழுதச் சொன்னேன். செவ்வாயில் வீடு, நிலவில் பந்து விளையாட்டு என்று நிறைய வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் ஜன்னல் வரை தண்ணீர் ஏறிய வீடு ஒன்றை வரைந்து, கூரைக்கு மேலே இரண்டு கண்கள் வைத்த செயற்கைக்கோளைப் பறக்கவிட்டிருந்தாள். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் 2021 டிசம்பர் வெள்ளத்தில் அவளுடைய பாட்டி வீடு மூழ்கியிருக்கிறது. "டீச்சர், அன்றைக்கு மேலேயிருந்து யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டாள்.

அது அறிவியல் கேள்வி. துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோளுக்குக் கீழே பூமி உருண்டுகொண்டே இருப்பதால், அதே இடத்துக்கு நேர் மேலே அது திரும்பி வர நாட்கள் ஆகும். பூமத்தியரேகையை ஒட்டிச் சுற்றினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நம்மைக் கடந்து போகும். 2009 ஜூலையில் ஏவிய நம் நாட்டுச் செயற்கைக்கோள் ரசாக்சாட் இப்படித்தான், பூமத்தியரேகைக்கு 9 பாகைச் சாய்வில், நமக்கென்றே வகுத்த பாதையில் சுற்றியது. நீண்ட நாள் உழைக்கவில்லை. ஆனால் அந்த யோசனை அருமையானது, அதைக் கைவிடக் கூடாது. ரசாக்சாட்டில் இருந்தது ஒளிப்படக் கருவி. அடைமழை நாளில் மேகம்தான் அதற்குத் தெரியும். ரேடார் மேகத்தையும் இருட்டையும் துளைத்து நீர் பரவியிருக்கும் இடத்தைக் காட்டும். ஆகவே என் இலக்கு இது: பூமத்தியரேகைப் பாதையில் ஒரு ரேடார் செயற்கைக்கோள். இந்தோனேசியாவும் கென்யாவும் இதே பட்டையில்தான் இருக்கின்றன. செலவைப் பகிரக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆளுக்கொன்று சொல்வார்கள், இது நிபுணர்கள் வேலை என்று உடன் பணிபுரியும் அண்ணன் ஒருவர் சொன்னார். எந்த ராக்கெட், எவ்வளவு எரிபொருள் என்பதை நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எதற்காகப் போகிறோம் என்பதில் வரி கட்டுகிறவருக்கும் வெள்ளத்தில் பாத்திரம் பண்டம் இழந்தவருக்கும் பங்கு உண்டு.

நம்மிடம் 2022ஆம் ஆண்டு விண்வெளி வாரியச் சட்டம் இருக்கிறது. 2030ஐ எல்லையாகக் கொண்ட விண்வெளித் திட்டமும் இருக்கிறது. அந்த ஆண்டு நெருங்கிவிட்டதால் அடுத்ததை எழுத வேண்டிய நேரம் இது. அதன் வரைவு மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் சீனத்திலும் வரட்டும். எந்தக் கருத்தை ஏற்றார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று பதிலும் வரட்டும். பிள்ளைகளின் அட்டைகளை மலாயில் பெயர்த்து, ஒரு கடிதத்தோடு புத்ராஜெயாவிலுள்ள அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சுக்கு இந்த வாரம் அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளும் எழுதினால் சேர்த்து அனுப்பலாம்.