எல்லநள்ளி – குன்னூர்: ஐப்பசி நாட்குறிப்பு

அக்டோபர் 17, வியாழன்

மதியம் வரை கோவையிலிருந்து மாற்றல் பட்டியல் மெயில் வரவில்லை. மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் மூன்று பேரில் கோவைக்குப் போவது யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

மாலை சைக்கிளில் வீடு திரும்பும்போது பிளாக் பிரிட்ஜ் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன் விளக்கின் வெளிச்சம் பனியில் பட்டு என் கண்ணுக்கே திரும்பியது. விளக்கைக் கீழே சாய்த்துவிட்டு, சாலையோர வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினேன். கோடு அழிந்துபோன இடங்களில் இறங்கித் தள்ளினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மெயில் இல்லை. விரல்கள் மரத்துப்போய், ஆபீசில் பேனா பிடிக்கவே நேரமாயிற்று.

அக்டோபர் 21, திங்கள்

பின் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மாற்றிப் போட்டு அதிக நாள் ஆகவில்லை. மழை தொடங்கினால் இப்படித்தான். சாலையோர மண் ரிம்மில் ஒட்டி, கட்டையை உப்புத்தாள் போல அரைத்துவிடுகிறது.

சமவெளியில் பிரேக்குக்கு அவ்வளவு வேலை இல்லை. இங்கே காலையில் எல்லநள்ளி வீட்டை விட்டால் குன்னூர் ஆபீஸ் வரை பெரும்பாலும் பிரேக்கில்தான். முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஒன்றையே அழுத்திக்கொண்டிருந்தால் ரிம் சூடேறிவிடும். நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரை வழித்துத் தள்ளவே போய்விடும், அப்புறம்தான் பிடி கிடைக்கும். அதற்குள் வளைவு வந்துவிடக் கூடாது. அதனால் வளைவு கண்ணில் படும் முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்து வைத்துக்கொள்கிறேன். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் பட்டையும் நனைந்து கிடக்கும் இடங்களில் பிரேக்கைத் தொடுவதே இல்லை. அங்கே வேகத்தை முன்கூட்டியே கொன்றிருக்க வேண்டும்.

அருவங்காட்டுக்கு முன்னால் ஒரு கேரட் லாரி. கேத்தி பாலாடாவில் கழுவி ஏற்றியது, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. அடியில் செம்மண் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் போனால் முகமெல்லாம் சேறு, முந்தவும் தைரியம் வரவில்லை. ஓரமாக நின்று, அது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

குன்னூர் கடையில் என் ரிம்முக்கு ஏற்ற கட்டை இல்லை. "கோயமுத்தூர் போனா எல்லாம் கிடைக்கும்" என்றார் கடைக்காரர். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே இப்போது வயிற்றைப் பிசைகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

கட்டையும் இல்லை, பட்டியலும் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

ஏற்றத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். எல்லோரும் பரிதாபப்படுவது அதற்குத்தான். "மலையில போய் சைக்கிளா, நெஞ்சு வெடிச்சிடாதா?" என்கிறார்கள். எனக்கு நாளின் மிக நல்ல நேரம் அதுதான்.

காலை இறக்கத்தில் முழுக்கப் பயம். கண்ணும் காதும் விரல் நுனியும் ஓயாமல் வேலை செய்யும். மாலை வெலிங்டன் தாண்டியதும் மனம் ஓய்ந்துவிடுகிறது. கியரில் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். மூச்சை மிதிக்குச் சரியாக வைத்துக்கொண்டால் போதும். இடையில் நின்றால் மறுபடி கிளம்புவதுதான் கஷ்டம், அதனால் நிற்பதில்லை. அந்த நேரத்தில் யாரும் என்னிடம் பட்டியலைப் பற்றிக் கேட்க முடியாது. நானும் கேட்டுக்கொள்வதில்லை.

இன்று கீழேயிருந்து ரயிலின் ஊதல் கேட்டது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டரில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ரயிலுக்கு நடுவில் பல் தண்டவாளம் தேவைப்படுகிறது. குன்னூருக்கு மேலே அது கிடையாது, வெறும் சக்கரத்தின் பிடியில் ஏறுகிறது. நான் ஏறுவதும் அந்தப் பகுதியில்தான். துணைக்கு ஒருவர் வருகிற மாதிரி இருந்தது.

மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. சாலை குறுகும் இடத்தில் ஒரு பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் நின்று, வா வா என்று கை காட்டினார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். வீடு வந்து சேரும் வரை அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மண்ணெண்ணெயில் செயினைக் கழுவினேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த சைக்கிள் வெலிங்டனில் ராணுவப் படிப்பு முடித்து மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடம் வாங்கியது. வருடா வருடம் அங்கே ஒரு கூட்டம் வரும், ஒரு கூட்டம் போகும். போகிறவர்கள் சைக்கிளையும் கட்டிலையும் விற்றுவிட்டுப் போவார்கள். பெட்டி கட்டுவது அவர்களுக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை.

அம்மா சிறுபிள்ளையாக சிலோனிலிருந்து வந்தவள். அங்கிருந்த தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டது 1964இல். தாத்தா வீட்டுக்கு முறை வந்தபோது எழுபதுகள் ஆகிவிட்டன. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அப்புறம் ரயில், கடைசியாக லாரியில் மலை. மண்டபத்து மணலும் வெயிலும் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுதார்களாம். லாரி மலையேறி முகத்தில் குளிர் பட்ட பிறகுதான் தாத்தா வாயைத் திறந்து பேசினாராம். அவர்கள் விட்டுவந்தது நுவரெலியா பக்கம். தேயிலையும் குளிரும் இருந்தால் அது ஊர்.

அதற்குப் பிறகு அம்மா இந்த மலையை விட்டு இறங்கித் தங்கியது கல்யாணம், சாவு வீடுகளுக்காக மட்டும். நான் கோவையைப் பற்றி எதுவும் பேசவில்லை. செயினுக்கு எண்ணெய் விடும்போது அவளாகவே கேட்டாள்: "அங்கே காத்தாடி இல்லாம தூங்க முடியுமா கண்ணு?"

எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது.

அக்டோபர் 30, புதன்

தீபாவளி லீவுக்குக் கீழேயிருந்து வரும் கார்கள். மே மாதத்துக்கு அடுத்து இப்போதுதான் இவ்வளவு கூட்டம். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் அனுமதி வந்த பிறகும் பண்டிகை நாளில் சாலை நிரம்பத்தான் செய்கிறது. இறங்கும்போது இரண்டாம் கியரில் போ என்று பலகை வைத்திருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை. டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறார்கள், வளைவுக்கு வளைவு கருகல் நாற்றம். ஒரு கார் என் முழங்கையை உரசாத குறையாக முந்தியது. கண்ணாடியை இறக்கி வீடியோ எடுத்துக்கொண்டே போனார்கள். ரொம்பக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. இது எங்களுக்குத் தினமும் வேலைக்குப் போகிற சாலை.

நவம்பர் 1, வெள்ளி

வர்க்கியை டீயில் நனைத்தபடி அம்மா கேட்டாள், லீவு நாளிலும் மெயில் வருமா என்று.

நவம்பர் 4, திங்கள்

வெலிங்டன் ஏற்றத்துக்கு முந்தைய வளைவில் காட்டெருமை. தனிக் கடா. தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி சாலையின் நடுவில் நின்றது. நான் சைக்கிளிலிருந்து இறங்கி, விளக்கை அணைத்து, சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடிக்கக் கூடாது, ஓடவும் கூடாது. கூட்டமாக வருபவை பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும், தனிக் கடாதான் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. மேலேயிருந்து வந்த ஜீப்பும் எஞ்சினை அணைத்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அது மூச்சு விடுவது கேட்டது. ஆபீசில் வரப்போகும் எந்த மெயிலும் அந்த நேரத்தில் எனக்குப் பொருட்டாக இல்லை. போன பிறகுதான் முழங்கால் நடுங்குவது தெரிந்தது.

நவம்பர் 6, புதன்

பக்கத்து மேசை அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "உனக்குக் கிடைச்சா நல்லதுதானேப்பா. அங்கே சமதளம். சைக்கிள் அப்படியே பறக்கும்."

பதில் சொல்ல வாய் வரவில்லை. மாலை முழுக்க அவருக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே ஏறினேன். இந்தக் கால்கள் இந்தச் சாலையில் ஆனவை அண்ணே. எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எந்த டீக்கடையில் ஏறி வந்த வேர்வை காயும்முன் அடுப்புப் பக்கம் உட்காரச் சொல்வார்கள், இதெல்லாம் உடம்பில் இருக்கிறது. சமதளத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? சம்பளம் கூடும் என்பதும் தெரியும். அம்மாவின் இழுப்புக்கு அங்கே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அதையும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன். யோசித்தால் தூக்கம் போகிறது.

நவம்பர் 8, வெள்ளி

ஆடி மழை ஊட்டிக்கும் கூடலூருக்கும், ஐப்பசி மழை எங்களுக்கும் கோத்தகிரிக்கும். இந்த மழை கிழக்கிலிருந்து வந்து குன்னூர்ச் சரிவில் அடிக்கிறது. இரவெல்லாம் நிற்கவில்லை. கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் மண் சரிந்து, மேட்டுப்பாளையம் ரயில் ரத்தாம்.

சட்டைக்குள் நெஞ்சில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். காற்று உள்ளே போகாமல் இருக்க அதுபோல வேறில்லை. குன்னூர் வந்து எடுத்தபோது தாள் ஈரம், உள்சட்டை காய்ந்திருந்தது. மாலை சாலையோரச் சுவரிலிருந்து சின்னக் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. கல் உருண்டால் பின்னாலேயே மண் வரலாம். சுவரை விட்டு நடுச்சாலைக்கு வந்து ஓட்டினேன், பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தாலும் நகரவில்லை.

நவம்பர் 9, சனி

ஊட்டியில் பிரேக் கட்டை கிடைத்துவிட்டது! இரண்டு ஜோடி வாங்கினேன். ஒரு ஜோடிதான் வாங்கலாமா என்று கடை வாசலில் வெகுநேரம் நின்று யோசித்தேன். பிறகு இரண்டு என்றே கேட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

அம்மாவுக்கு இழுப்பு. லீவு.

நவம்பர் 12, செவ்வாய்

புதுக் கட்டை நன்றாகப் பிடிக்கிறது. மற்றது எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 13, புதன்

மெயில் வந்துவிட்டது. மேனேஜர் பெயரைச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தும் எதுவும் பிடிபடவில்லை. நாளை பத்து மணிக்கு மூன்று பேரையும் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை, அவளாகக் கண்டுபிடித்துவிட்டாள். இட்லி மாவு போதுமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

அருவங்காடு பக்கம் சாலையில் மரம் விழுந்து, ஒரு பக்கம்தான் வண்டிகள் விடுகிறார்களாம். நாளை அரை மணி முன்னதாகவே கிளம்ப வேண்டும்.