ஐந்தாவது தேர்வில் கிடைத்த வயோலா இடம்

ஜெர்மனியில் ஒரு நகர ஆர்கெஸ்ட்ராவில் எனக்கு வயோலா (வயலின் குடும்பத்து வாத்தியம்) வாசிக்கும் இடம் நிரந்தரமாகிவிட்டது. ஐந்தாவது தேர்வில் கிடைத்த வேலை. முந்தைய நான்கிலும் முதல் சுற்றோடு ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன். தயாராகிக்கொண்டிருக்கிற சிலர் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

பதினெட்டு வயது வரை சென்னையில் வயலின்தான் வாசித்தேன். வயோலா என்றால் கொஞ்சம் பெரிய வயலின் என்று நினைத்திருந்தேன், அது முழுத் தப்பு. சுருதி வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே, ஆனால் அதற்கு ஏற்ற அளவுக்கு வாத்தியத்தின் உடலைப் பெரிதாக்கினால் தோளில் வைத்துப் பிடிக்கவே முடியாது என்பதால் அந்தச் சுருதிக்கு வேண்டியதைவிடச் சின்னதாகவே செய்கிறார்கள். அதனால் கீழே இருக்கிற சி தந்தி சட்டென்று பேசாது. வில்லை வைத்து, கையின் கனத்தை இறக்கி, தந்தி பிடித்துக்கொண்டது என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் இழுக்க வேண்டும், வயலின் பழக்கத்தில் இழுத்தால் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும். இதற்கு மட்டும் எனக்கு ஒரு வருடம் போனது.

சரி, தேர்வு. முதல் சுற்றில் பெரும்பாலும் ஸ்டாமிட்ஸ் அல்லது ஹோஃப்மைஸ்டரின் டி மேஜர் கான்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்னால் நிற்க ஆர்கெஸ்ட்ரா துணை வாசிக்கிற படைப்பு, தேர்வில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் பியானோ), பல இடங்களில் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். பியானோ வாசிப்பவரை அன்றுதான் பார்ப்பீர்கள். அடுத்த சுற்றில் பார்டோக், வால்டன், ஹிண்டெமித் மாதிரி 20ஆம் நூற்றாண்டு கான்செர்ட்டோ ஒன்று, அப்புறம் ஆர்கெஸ்ட்ரா பகுதிகள்: ஸ்ட்ராஸின் டான் ஹுவான், மெண்டல்சனின் ஷெர்ட்ஸோ, புரூக்னரின் நான்காவது சிம்பொனி. யாரை எடுப்பது என்று ஓட்டுப் போடுவது, நம்மோடு சேர்ந்து வாசிக்கப்போகிற ஆர்கெஸ்ட்ராக்காரர்களே.

நான்காவது முறை வெளியே வந்தபோது தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார்: "சுத்தமாக வாசித்தாய், ஆனால் பியானோ என்ன வாசித்தது என்று உனக்குத் தெரியுமா?" தெரியவில்லை. அன்றிரவு தூங்கவில்லை.

அதற்குப் பிறகு தனியாகச் சாதகம் செய்வதைக் குறைத்துக்கொண்டு மூன்று நண்பர்களோடு எட்டு மாதம் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் இசை) வாசித்தேன். முதலில் எடுத்தது ஸ்மெத்தனாவின் முதல் குவார்டெட், 1876இல் எழுதியது. மற்றவர்கள் அடியில் பிடித்துக்கொண்டிருக்க வயோலாதான் ராகத்தை ஆரம்பிக்கும், எங்கள் வாத்தியத்துக்கு அப்படி ஒரு தொடக்கம் அபூர்வம். ஆனால் நான் கற்றது அதற்குப் பின்னால் வருகிற பக்கங்களில்தான். அங்கே வயோலா நடுவில் இருக்கும், செல்லோக்காரர் மூச்சு இழுப்பது காதில் விழுந்தால்தான் என் வில் எப்போது இறங்க வேண்டும் என்று தெரியும். முதல் இரண்டு மாதம் எனக்கு அது காதில் விழவே இல்லை.

ஐந்தாவது தேர்வில் ஸ்டாமிட்ஸின் முன்னிசையைப் பியானோக்காரர் நான் பழகியதைவிட நிதானமாக எடுத்தார். முன்பென்றால் நுழைந்ததுமே இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அன்று அவர் வேகத்திலேயே நுழைந்தேன். அடுத்த சுற்றுக்கான பெயர்களைப் படித்தபோது என் பெயரும் இருந்தது.

வேலை கிடைத்த பிறகும் ஒரு வருடம் தகுதிகாண் பருவம், முடிவில் மறுபடியும் ஓட்டு. போன மாதம் அது முடிந்தது. அந்த வாரக் கச்சேரியில் புரூக்னரின் நான்காவது. இரண்டாம் பகுதியில் மற்ற தந்தி வாத்தியங்கள் விரலால் மீட்ட, வயோலாக்கள் மட்டும் நீளமாகப் பாடுகிற இடம் வரும். தேர்வு அறையில் தனியாக வாசித்த அதே வரிகளை, பக்கத்து நாற்காலிக்காரரின் வில்லைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.