உப்புக்காற்றுக்குத் தாங்குகிற அடுப்படி

ஏழு வருடத்துக்குள் எங்கள் அடுப்படியை இரண்டு தடவை இடித்துக் கட்டிவிட்டோம். முதல் தடவை செய்தது வீணாய்ப் போனது, அதனால்தான் இரண்டாவது. ராமநாதபுரம் மாவட்டம் வேதாளைப் பக்கம் வீடு. கொல்லைக் கதவைத் திறந்து ஐந்து நிமிடம் நடந்தால் மன்னார் வளைகுடா. இந்தக் கரையில் வேலையை ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு எங்கள் காசு போன வழி தெரிந்திருக்கட்டும்.

முதல் தடவை வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் மாடுலர் கிச்சனுக்குக் கொடுத்தோம். படப் புத்தகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். இருபத்திரண்டு கதவு, ஒன்பது இழுப்பறை. முதல் ஆடிக் காற்று ஓய்ந்ததும் கீல்களில் பழுப்புப் புள்ளி விழுந்தது. அடுத்த வருடம் இழுப்பறைகள் பாதியில் சிக்கின. சிங்குக்குக் கீழே இருந்த பலகை தண்ணீரில் போட்ட ரஸ்க் மாதிரி உப்பி நின்றது.

"எவர்சில்வர்தான், காந்தம் ஒட்டுதா பாருங்க" என்று அன்றைக்குக் காட்டினார்கள். ஒட்டவில்லை, நம்பிவிட்டோம். 202 என்கிற மலிவு எவர்சில்வர் ரகத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களில் அது பல வருடம் ஓடும், உப்புக்காற்றில் ஓடாது. 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். 316-இல் மாலிப்டினமும் சேரும், விலையும் ஏறும். காந்தத்தை விட்டுவிட்டு, ரக எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பலகையும் அப்படித்தான். 'வாட்டர் புரூஃப்' என்று வாயால் சொன்னால் போதாது, கடல் ஈரத்தையும் தாங்குகிற ஒட்டுப்பலகைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை பலகையிலேயே இருக்க வேண்டும்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் துரு முற்றிப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அந்த உப்புக்காற்றுதான் நம் அடுப்படிக்குள்ளும் வருகிறது. அதனால் இரண்டாவது தடவை இரும்பையே குறைத்தோம். மேடைக்கடியில் செங்கல் தடுப்பு, நடுவில் கடப்பாக்கல் தட்டு, பாதி இடம் திறந்தபடி. கதவு ஆறுதான், கீல் எல்லாம் 304.

மீனுக்கு இடம் விடாததுதான் எங்களுக்கு ரொம்ப வலித்த தவறு. அந்தப் படப் புத்தகத்தில் மீன் ஆய இடமே இல்லை. எங்கள் மாமிக்கு அரிவாள்மனையைக் காலால் அழுத்தி உட்கார்ந்து ஆய்ந்துதான் நாற்பது வருடப் பழக்கம். கொல்லையில் இருந்த கல்லைப் பெயர்த்துவிட்டு, "இனி சிங்க்லயே நின்னு ஆயலாம் மாமி" என்று நான்தான் சொன்னேன். மேடை 34 அங்குலம். மாமிக்கு அது ரொம்ப உயரம். செதில் போய்க் குழாய் மூன்று தடவை அடைத்தது. கவிச்சி வீட்டுக்குள்ளேயே நின்றது. கொஞ்ச நாளில் மாமி சூடை மீன் வாங்குவதையே விட்டுவிட்டார். "பொடி மீனு, எதுக்கும்மா சிரமம்" என்றார். நாங்கள் கட்டிய அடுப்படியால் அவர் விரும்பிச் சாப்பிடுகிற மீன் வீட்டுக்கு வராமல் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

இந்தத் தடவை கொத்தனார் அண்ணன் சுவரில் கோடு போடுவதற்கு முன்னால் மாமியைத்தான் கூப்பிட்டார். "நீங்க உக்காந்து காட்டுங்கம்மா, அதை வச்சு அளவெடுத்துக்கிறேன்." கொல்லையில் ஓலைச் சாய்ப்புக்குக் கீழே முக்கால் அடி உயரத்தில் ஒரு திண்டு, எதிரே சரிவாகக் கல், பக்கத்தில் குழாய், தண்ணீர் ஓடுகிற வாயில் எடுத்துக் கழுவுகிற சல்லடை. அந்தத் தண்ணீர் தனிக் குழாயில் தென்னைக்குப் போகிறது. உள்ளே மேடையை 31 அங்குலமாக இறக்கினோம். முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே வைத்தால் தோள் வலிக்காது. தினமும் நிற்கிறவரை வைத்து அளக்க வேண்டும்.

அடுப்பு அக்கினி மூலையில்தான். முன்பு அடுப்புக்கு நேர் மேலே தெற்குச் சன்னல்; கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தீ சாய்ந்து அணையும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். சன்னலைச் சிங்குப் பக்கம் மாற்றினோம். சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைத்ததும் தப்பு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். இப்போது கதவில்லாத தடுப்பில் நிற்கிறது, வெளிச்சுவரில் தரையோரமாகத் துளையும் விட்டிருக்கிறோம்.

மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ் மூன்றுக்கும் தனித்தனி பிளக் பாயின்ட்டைச் சுவர் பூசும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்தத் தடவையும் சறுக்கிவிட்டோம். எங்கள் போர்த் தண்ணீர் உவர். கலவைக்கும் பூசிய சுவரை நனைக்கவும் நல்ல தண்ணீர் லாரியில்தான் வாங்கினோம். கடைசி இரண்டு நாள் லாரி வரவில்லை. வேலை நிற்கக் கூடாதென்று மேற்குச் சுவரைப் போர்த் தண்ணீரில் பூசினார்கள், நானும் சரி என்றேன். ஒரு மாதத்தில் அந்தச் சுவர் மட்டும் வெள்ளையாய் உப்புப் பூத்துவிட்டது. பெயின்ட் அடித்தால் உரிந்து வரும் என்று கொத்தனார் அண்ணன் சொல்லிவிட்டார். வாரம் ஒரு தடவை காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன். பங்குனி வெயிலுக்குப் பிறகும் பூத்தால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.