உச்சந்தலை மரத்துப்போன மாதங்கள்

முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது மூன்றுதான். எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடும் முடிவேர்), எவ்வளவு ஆச்சு, வலித்ததா. மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லும் பதிலில் யாருக்கும் திருப்தி வருவதில்லை. வலி இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. அதோடு சேர்த்து மற்ற எல்லா உணர்ச்சியும் போய், பின்னந்தலையும் உச்சியும் மாதக்கணக்கில் மரத்துக் கிடந்தன.

பொங்கல் முடிந்த கையோடு அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் செய்துகொண்டேன். எஃப்.யு.இ. முறை. பிடரிக்கு மேலே இருக்கும் டோனர் ஏரியாவிலிருந்து, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள பஞ்ச் கருவியால் ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுப்பார்கள். அப்புறம் முன் நெற்றியிலும் உச்சியிலும் பொடிப்பொடியாகக் கீறல் போட்டு அவற்றை நடுவார்கள். அதற்காகத் தலையை முழுக்க மழித்திருந்தார்கள். நல்லவேளை, சென்னையில் மொட்டைத் தலைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. மேல்வீட்டு மாமா தொப்பியைப் பார்த்துவிட்டு, "திருப்பதியா? கூட்டம் எப்படி?" என்றார். "பரவாயில்லை மாமா" என்றேன். லட்டு கேட்பதற்குள் லிஃப்டில் ஏறிவிட்டேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. 2016இல் இதே சென்னையில் முடி மாற்று சிகிச்சைக்குப் பிறகு ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோன செய்தியை அவர் மறக்கவே இல்லை. மரப்பு ஊசி போடுவது யார், அறுவை சிகிச்சை தெரிந்த டாக்டர் கடைசி வரை கூடவே இருப்பாரா என்றெல்லாம் கேட்கச் சொல்லி அனுப்பினார். கேட்டேன், ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். சிகிச்சைக்கு அப்புறம் மரத்துப்போவது பற்றி மட்டும் கிளினிக்கில் ஆலோசனை சொல்பவர், "ரெண்டு வாரத்துல சரியாயிடும் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கையெழுத்து வாங்கிய படிவத்திலும் அதைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

அன்றைக்குப் போட்ட லிக்னோகெய்ன் என்ற மரப்பு ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு வலி வந்தது, மாத்திரையில் அடங்கியது. பிறகு நெற்றி வீங்கி, வீக்கம் கண் இமைக்கு இறங்கி, தானாக வற்றியது. இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். முதல்முறை தலைக்குத் தண்ணீர் விட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மண்டையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, ஆனால் விழுவது தெரியவில்லை. காதோரம் வழிந்த பிறகுதான் ஈரம் உறைத்தது. விரலால் தொட்டால் விரலுக்குத் தலை தெரிகிறது, தலைக்கு விரல் தெரியவில்லை.

இரண்டு வாரம் போனது, ஒரு மாதமும் போனது, ஒன்றும் மாறவில்லை. டாக்டரையே நேரில் பார்த்துக் கேட்டேன். அவர் பொறுமையான மனிதர். ஒரு தாளில் தலையைப் படமாக வரைந்து காட்டினார். பின்னந்தலைக்கான உணர்ச்சி நரம்புகள் கழுத்தின் மேல்பகுதியிலிருந்து கிளம்பி, பிடரி வழியாக மேலே ஏறி உச்சி வரை போகின்றன. முன்பக்கத்துக்கானவை புருவத்துக்கு மேலே வெளியே வந்து, நெற்றி வழியாகப் பின்னோக்கிப் போகின்றன. இரண்டும் சந்திப்பது உச்சியில். பஞ்ச் கருவி வெட்டுவது தோலில் இருக்கும் மெல்லிய கிளைகளைத்தான், பெரிய நரம்பு அதற்கும் ஆழத்தில் இருக்கிறது. தோலை ஒரு பட்டையாக அறுத்தெடுக்கும் எஃப்.யு.டி. முறையில் கொஞ்சம் பெரிய கிளைகளும் வெட்டுப்படலாம் என்பதால், அதில் மரப்பு அதிக நாள் நீடிக்க வாய்ப்பு உண்டு. எப்படியானாலும் வெட்டுப்பட்ட நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்.

அங்கேயே கணக்குப் போட்டேன். பிடரியிலிருந்து உச்சிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்தால் ஐந்து மாதம்! "அவ்வளவு தூரமும் வளர வேண்டியதில்லை, பக்கத்தில் வெட்டுப்படாத நரம்புகளிலிருந்தும் கிளை விடும்" என்றார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பிவிடும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து உச்சி கடைசியில்தான் விழிக்கும் என்றும் சொன்னார். எனக்கு அப்படியேதான் நடந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

மரத்த தலையோடு சென்னையில் சித்திரை மாதத்தைக் கடப்பது தனிக் கதை. முடி சரியாக வளராத தலையில் வெயில் ஏறினால், 'சுடுது, ஓரமாய்ப் போ' என்று சொல்ல வேண்டியது தோல்தான். அது சொல்லவில்லை. நங்கநல்லூரிலிருந்து கிண்டி ஆபீசுக்கு வழக்கமாக பைக்கில்தான் போவேன். ஹெல்மெட் எங்கே உராய்கிறது என்று தெரியாததால், டாக்டர் அனுமதித்த பிறகும் மெட்ரோவிலேயே போய்வந்தேன். ஸ்டேஷன் வரை நடக்கக் குடை. அக்னி நட்சத்திரத்தில் குடை பிடித்துப் போகும் ஆண்களை இந்த ஊர் ஏன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. சலூனிலும் மிஷின் வேண்டாம், கத்தரி போதும், ட்ரையர் பக்கத்திலேயே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பெரிய போராட்டம் வீட்டில்தான். எண்ணெய் தேய்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மா நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிக்கொண்டு வந்தார்.

"அம்மா, சூடா இருந்தா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா என்னடா? உன் தலைதானே?"

"தலை என்னுதுதான். சூடு உங்களுக்குத்தான் தெரியும். கையில விட்டுப் பாருங்க."

அவர் நம்பவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து என் உச்சியில் வைத்தார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நெற்றிக்கு இறக்கியதும் துள்ளினேன். அதற்கப்புறம் எண்ணெய்க் கிண்ணத்தில் அவர் முழங்கையை விட்டுப் பார்க்காத நாளில்லை. கூடவே, வழுக்கையாக இருந்தபோதாவது மண்டைக்குச் சுரணை இருந்தது என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டம்ளர் வைத்தியத்தை நான் விடவில்லை. வாரம் ஒரு தடவை பஞ்சு, மழுங்கிய பல் குச்சி, குளிர்ந்த டம்ளர் மூன்றையும் வைத்து மனைவி சோதிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு எங்கே தெரிகிறது என்று சொல்வேன். தெரியாத இடத்தின் எல்லையை ஒரு தாளில் குறித்துத் தேதி போட்டு வைத்தோம். தினமும் தடவிப் பார்த்துக் குழம்புவதைவிட இது எவ்வளவோ மேல். அன்றாடம் பார்த்தால் எதுவும் மாறாதது போலத்தான் இருக்கும். இரண்டு தாளை அடுத்தடுத்து வைத்தால் வட்டம் சுருங்கியிருப்பது பளிச்சென்று தெரியும்.

உணர்ச்சி திரும்புவது சுகமான காரியமென்று நினைத்திருந்தேன். கோடை நடுவில் அது வந்த விதமே வேறு. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது பிடரியிலிருந்து காதுக்கு மேலே சுரீரென்று ஒரு இழுப்பு. ராத்திரியில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு. அரிப்பு வேறு, அதுவும் எங்கே அரிக்கிறதோ அங்கே சொறிந்தால் அடங்காது, நாலு விரல் தள்ளி எங்கேயோ இருக்கும். சீப்பு பட்டால் கூசியது. மரத்திருந்த நாட்களே தேவலை என்று தோன்றியது. டாக்டர் மட்டும் சந்தோஷப்பட்டார். முளைக்கிற நரம்பு இப்படித்தான் முதலில் தாறுமாறாகப் பேசும், சொறியாதீர்கள், குளிர்ந்த துணியை வைத்து லேசாக அழுத்துங்கள் என்றார்.

அந்த நாட்களில் ஹென்றி ஹெட் என்ற லண்டன் நரம்பியல் மருத்துவரைப் பற்றிப் படித்தேன். வெட்டிய நரம்பு எப்படித் திரும்புகிறது என்று பார்க்க, 1903இல் தன் முன்கை நரம்பையே வெட்டித் தைக்கச் சொன்னவர். நண்பர் ரிவர்ஸ் ஆண்டுக்கணக்கில் அவர் கையைச் சோதித்துக் குறித்துவைத்தார். குத்தும் வலியும், கடும் சூடும் குளிரும் முதலில் திரும்பின. பஞ்சின் தொடுகை போன்ற மெல்லிய உணர்ச்சி வெகு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்கு அவர்கள் தந்த விளக்கத்தைப் பின்னால் பலர் மறுத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுத் தாள்களிலும் அந்த வரிசைதான்: பல் குச்சி முதலில், பஞ்சு கடைசியில். அறிவியலுக்காக நரம்பை வெட்டிக்கொண்டவரோடு முடிக்காக வெட்டிக்கொண்ட நான் சேர்ந்துகொள்வது கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் துணை கிடைத்தது போல இருந்தது.

மருந்து விஷயம். நரம்பு என்ற சொல்லைக் கேட்டாலே மெடிக்கல் ஷாப்பில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். டாக்டர் முதலில் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார். எனக்குக் குறைவாக இருந்தது, அதனால் கொடுத்தார். அளவு சரியாக இருப்பவர்களுக்கு அந்த மாத்திரையால் நரம்பு வேகமாக வளர்ந்துவிடாது என்றும் சொன்னார். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்தார். இருந்தால் நரம்பு ஆறுவது தாமதமாகும்.

எதற்கெல்லாம் காத்திராமல் உடனே வர வேண்டும் என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். தோல் கறுத்துப்போவது, சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி. தவிர, ஒரே புள்ளியை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலித்து, அது மாதக்கணக்கில் குறையாவிட்டால், வெட்டுப்பட்ட முனையில் நரம்பு முடிச்சிட்டிருக்கலாம். அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது, சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

ஆடி பிறந்தபோது முன்பக்கமும் பின்னந்தலையும் முழுக்கத் திரும்பியிருந்தன. உச்சியில் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் இன்னும் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. குச்சி தெரிகிறது, பஞ்சு தெரியவில்லை. பைக்கை மறுபடி எடுத்துவிட்டேன். ஒரு வருட ரிவியூவுக்கு வரும்போது தாள்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதுவரை அந்த வட்டம் சுருங்காமல் அப்படியே இருந்தால் நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தருவாராம்.