பருத்திக்கொட்டை எண்ணெய்: தப்பு மெஷினுக்கு முன்னாலேயே நடக்கிறது

எண்ணெயில் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று காட்டும் மெஷினான கேஸ் குரோமட்டோகிராஃபில் கோடு அழகாக ஏறி இறங்கிவிட்டால் முடிவும் சரி என்று நம்பிவிடுவோம். பருத்திக்கொட்டை விஷயத்தில் அந்த நம்பிக்கை அடிக்கடி கவிழ்க்கும்.

பொதுவாக இந்த எண்ணெயில் லினோலியிக் அமிலம் 50 முதல் 58 சதவீதம், பால்மிட்டிக் 22 முதல் 26, ஓலியிக் 15 முதல் 20. லினோலியிக் இவ்வளவு இருப்பதால் வாணலியில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதனால்தான் ஓலியிக்கைக் கூட்டப் பார்க்கிறார்கள். பால்மிட்டிக் அதிகமென்றால் குளிரில் எண்ணெய் கலங்கும். மதுரை வெயிலில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்! எண்ணெய் சீக்கிரம் கெடாது என்பதால் முறுக்கு சுடுகிறவருக்குப் பால்மிட்டிக் லாபம்தான்.

திருமங்கலம், கல்லுப்பட்டிக் கரிசலில் வெடித்த காய் மழையில் நனைந்தாலோ, ஈரக்கொட்டை மூட்டையில் சூடேறினாலோ, கொட்டைக்குள் இருக்கும் லிப்பேஸ் நொதி எண்ணெயை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலமாக்கிவிடும். எனவே முதல் வேலை டைட்ரேஷன், அதாவது காரத்தைத் துளித்துளியாக விட்டுத் தனி அமிலம் எவ்வளவு என்று அளப்பது. சூடான நடுநிலை ஆல்கஹால், நிறங்காட்டியாகப் பினால்ஃப்தலீன், காரமாக 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. ஓலியிக் கணக்கில் சதவீதம் வேண்டுமென்றால், செலவான மில்லியை நார்மாலிட்டியாலும் 28.2-ஆலும் பெருக்கி, எண்ணெயின் கிராமால் வகுக்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள்.

பருத்திப்பாலுக்குப் பிழியும்போது தோலும் பஞ்சும் துணியில் தங்கிவிடும் அல்லவா, இங்கேயும் பருப்பை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கிலோவுக்கு 100 மில்லி கந்தக அமிலம் ஊற்றி, பிளாஸ்டிக் வாளியில் 2, 3 நிமிடம் கிளறினால் பஞ்சு போய்விடும். அதற்கு மேல் விட்டால் முளைப்பு கெடும். நீல லிட்மஸ் சிவப்பது நிற்கும் வரை அலசி, நிழலில் உலர்த்தி, பிறகு தோலை உரிக்கவும்.

மெஷினில் செலுத்தும் முன் கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்ற வேண்டும். அதற்கு எண்ணெய் 0.1 கிராம், ஹெப்டேன் 2 மில்லி, மெத்தனாலில் கரைத்த 2 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மில்லி. முப்பது விநாடி நன்றாகக் குலுக்கி, தெளிந்த மேலடுக்கைச் செலுத்த வேண்டும். ஈரம் இருந்தால் சோப்பு கட்டி, அடுக்கு கலங்கும். தனி அமிலங்கள் இந்த முறையில் எஸ்டர் ஆகாது, கீழடுக்கிலேயே நின்றுவிடும். அமிலத்தன்மை 3 சதவீதத்தைத் தாண்டினால் நமக்குக் கிடைப்பது பாதிப் படம்தான்.

போரான் டிரைஃப்ளூரைடு போட்டால் அவையும் எஸ்டராகும். ஆனால் பருத்திக்கொட்டையில் இருக்கும் மால்வாலிக், ஸ்டெர்குலிக் அமிலங்களின் முக்கோண வளையம் அதில் சிதைந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் எண்ணெயின் தரத்தைப் பேசும்போது அவற்றை விட்டுவிட முடியாது. அவை வேண்டுமென்றால் சோடியம் மெத்தாக்சைடுதான் வழி.

ரகம் தேர்வில் சிக்கல் வேறு. கலப்புச் செடி ஒன்றிலேயே கொட்டைக்குக் கொட்டை அமிலம் மாறும். கைநிறைய அள்ளி அரைத்தால் சராசரிதான் தெரியும், நல்ல கொட்டை அதில் மறைந்துபோகும். அதனால் அகன்ற முனையில் 10 மில்லிகிராம் துண்டு சீவிப் பரிசோதித்து, கூர்முனையுள்ள மீதியை ஈரமணலில் ஊன்றுவார்கள். முளைவேர் அங்கேதான் இருக்கிறது. மால்வாலிக் வகை முளைவேர்ப் பகுதியில் அதிகம் என்பதால், சீவிய துண்டை வைத்து அதை மட்டும் முடிவு செய்யக்கூடாது. துண்டுக்கும் மீதிக்கும் ஒரே எண், அதுவும் பென்சிலில். மெத்தனால் பட்டால் மார்க்கர் எழுத்து போய்விடும். எண் போனால் கொட்டையும் போன மாதிரிதான்.